பூவராகன் வாசலில் ஆகாச கருடன்

பூவராகனைப் போல ஓர் அழுத்தக்காரரைக் காடாம்புலியூர் சுற்றுவட்டாரத்தில் பார்க்க முடியாது. மனைவி போன பிறகு மகன் செம்பியன் கெஞ்சிக் கூத்தாடியும் மனுஷர் கடலூருக்கு வரவில்லை. முந்திரித் தோப்பில் இருந்த கூரைவீட்டிலேயே தனியாகக் கிடந்தார். துணைக்கு இருந்தது வாசல் நிலையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஆகாச கருடன் கிழங்கு ஒன்றுதான்.

வறண்ட மலைச்சரிவில் பாறை இடுக்கில் முளைக்கிற கொடி அது, லேசில் அகப்படாது. கிழங்கைத் தோண்டி வந்து வாசலில் கட்டினால் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் காற்றிலேயே துளிர்விடும். எப்போதாவது பூக்கவும் செய்யும். வீட்டுக்கு வரும் கெட்டதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், மீறி வந்தால் வாடிவிடும் என்பார்கள். மனைவி சாவதற்கு முந்தின வாரம் பழைய கிழங்கு அழுகி விழுந்ததைப் பூவராகன் கண்ணால் பார்த்தவர். அதிலிருந்து அவரோடு பேசிப் பயனில்லாமல் போயிற்று.

"இது பச்சையா இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது. வாடட்டும், அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு உங்க வூட்டுக்கு வந்துடறேன்" என்று மருமகள் மாலதியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அங்கேதான் வந்தது வினை. அந்த ஐப்பசியில் அவர் கண்புரை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வீட்டைப் பெருக்கப் போன மாலதி நிமிர்ந்து பார்த்தாள். கிழங்கு சுருங்கிக் கிடந்தது, கொடி கருகியிருந்தது. கடலூர் செம்மண்டலத்தில் அவர்கள் வீட்டில் இருந்ததோ இரண்டே அறை. மகளுக்குப் பரீட்சை வேறு. கிழவர் பயந்துவிடுவார், பாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி பொய் என்று அவளுக்கே தெரியும். மறுநாளே சிதம்பரம் கீழவீதியில் மலைக்கிழங்கு விற்கும் பெண்ணிடம் புதிதாக ஒன்றை வாங்கி வந்து அதே கயிற்றில் கட்டிவிட்டாள்.

திரும்பி வந்த பூவராகனுக்கு ஒரே சந்தோஷம். ஆபரேஷன் பண்ணின கண்ணுக்கு எம்மாம் பச்சையாகத் தெரிகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். மாலதியும் சிரித்து வைத்தாள்.

மார்கழியில் ‘தானே’ என்று பேர் வைத்த புயல் கடலூரைப் பார்த்து வருகிறது என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். செம்பியன் அப்பாவை அழைத்துவரப் போனான். சாயங்காலம் பைக்கில் தனியாகத் திரும்பினான்.

"மொட்டு வச்சிருக்குதாம். சாவப் போற வூட்டுல மொட்டு வைக்குமாடான்னு கேக்கறாரு" என்றான்.

மாலதி எழுந்து புருஷன் காதில் விழாமல் கொல்லைப்புறம் போய் மாமனாருக்குப் போன் போட்டாள். அதற்குள் தென்னை மட்டைகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன.

"மாமா, அது உங்க கிழங்கு இல்ல. உங்களுது ஐப்பசியிலேயே வாடிப்போச்சு. நாந்தான் மாத்திக் கட்டினேன். கெளம்பி ரோட்டுப் பக்கம் மாடி வூட்டுக்காவது போங்க மாமா."

அந்தப் பக்கம் கிழவர் சிரித்தார்.

"இப்படிச் சொன்னாலாவது வருவேன்னு பாக்கறியா? நல்ல பொண்ணும்மா நீ. போய்க் கதவச் சாத்திட்டுப் படு."

லைன் அறுந்தது. அதன் பிறகு கிடைக்கவே இல்லை.

விடியலில் புயல் கரையேறியது. காற்று அடங்கியதும் இருவரும் புறப்பட்டார்கள். வழி நெடுக மரம். பைக்கைப் போட்டுவிட்டு நடந்தார்கள். தோப்பு இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. பெரிய பலாமரம் கூரைவீட்டின் மேல் விழுந்திருந்தது. அக்கம்பக்கத்தார் பூவராகனை எடுத்துத் தார்ப்பாயில் கிடத்தி வேட்டியால் மூடியிருந்தார்கள். வாசல் நிலை மட்டும் அப்படியே நின்றது. அதில் கிழங்கு தொங்கியது, பச்சைப் பசேலென்று. மொட்டு விரிந்து வெளிறின மஞ்சளில் சின்னப் பூ பூத்திருந்தது.

"பச்சையாத்தானே இருக்குது மாலதி? அப்புறம் எப்படிப் போனாரு?" என்று செம்பியன் குழந்தை மாதிரி அவளைக் கேட்டான். அவள் குனிந்து, விலகியிருந்த வேட்டியை இழுத்துக் கிழவர் காலை மூடினாள்.

காரியம் முடிந்த அன்று, அப்பா உயிராக வைத்திருந்தது என்று செம்பியன் கிழங்கை அவிழ்த்து வந்து செம்மண்டலத்து வாசலில் கட்டினான். அவன் வேலைக்குப் போகும்போது அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குகிறான். மாலதி தலையைக் குனிந்துகொண்டு அதன் கீழே போய் வருகிறாள். அது இன்னும் வாடவில்லை.