மூன்றாம் கியரில் நின்ற லொறி

குண்டசாலையில் நஸீபின் வீட்டு வாசலில் நின்ற பழைய ஜப்பான் லொறிக்குத் தானாக மாறும் ஓட்டோ கியர். ஒரு மாதமாக அது மூன்றாம் கியரை விட்டு இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. நான்கு மணிக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போவார் என்று நஸீபின் மகன் ஏற்பாடு செய்துவிட்டான். இரண்டு மணிக்கே நஸீபின் கூட்டாளி யோகராஜ் லொறிக்கடியில் படுத்துவிட்டார்.

பதினெட்டு வருடம் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் இருவரும் அதில்தான் ஜெனரேட்டர் ஏற்றிப் போனார்கள். நஸீப் ஓட்டுவார், யோகராஜ் பல்பு கட்டுவார். விடிகாலையில் திரும்பும்போது அம்பிட்டிய ஏற்றத்தில் கியர் தானாக இறங்கும். அந்தச் சின்ன முனகல் கேட்டதும் நஸீப் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளிர்காற்றில் பாடத் தொடங்குவார். நன்றாகவே பாட மாட்டார்.

"இந்தக் கியர்பெட்டி ஏன் இப்படிப் பண்ணுதுன்னு தெரியுமா நானா?" என்றார் யோகராஜ். நஸீபை அவர் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"தெரியா. சொல்லாம விடப்போறியா நீ?"

"உள்ளுக்குச் சின்னச் சின்ன வால்வு இருக்கு. கரண்டு வந்தா அது தொறக்கும், எண்ணெய் பாயும், கியர் மாறும். கரண்டுல சந்தேகம் வந்தா கம்ப்யூட்டர் எல்லாத்தையும் விட்டுட்டு மூணாவதுலயே நின்னுக்கும். மெதுவா வீடு போய்ச் சேரட்டும்னு."

"என்னய மாதிரித்தான். வயசு போனா ஒரே வேகம்."

ஃபியூஸ் சரி. பிளக்குகள் சரி. வால்வு வயர் எதுவும் அறுந்திருக்கவில்லை. இனி மிச்சம் ஏர்த் மட்டும். போன கரண்டு கியர்பெட்டியின் இரும்பு வழியாகவும் ஏர்த் வயர் வழியாகவும் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். யோகராஜ் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையைக் கியர்பெட்டியிலும் வைத்தார்.

"சாவியத் திருப்பி, கியர டி-ல போடுங்க நானா."

வழி சுத்தமென்றால் மீட்டர் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். இரண்டு வோல்ட் காட்டியது. திரும்பும் வழியில்தான் அடைப்பு.

ஏர்த் வயரைத் தடவிக்கொண்டே போன அவர் கை, அதைச் சேஸிஸில் இறுக்கியிருந்த ஆணியில் நின்றது. ஆணியின் மேல் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த கட்டி. சுரண்டினால் அடியில் பச்சை பூத்த செம்பு. இந்த லொறியில் அவர் முதன்முதலாக வயர் மாட்டியது அந்த ஆணியில்தான். அதனால் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் முதல் பொட்டு அதற்குத்தான். பன்னீரில் குழைத்த சந்தனம், மேலே குங்குமம்.

"என்ன மச்சான், பேச்சக் காணோம்?"

"பழுது பண்ணினது நான்தான் நானா. பொட்டு வச்சே கெடுத்திருக்கேன். பன்னீர் ஈரம் செம்ப அரிச்சிருக்கு."

நஸீப் குனிந்து பார்த்தார். சிரிப்பு பொங்கி இருமலானது. "வருஷா வருஷம் ஒன்ட பூசைக் கடலையத் தின்னுட்டு நானும் பாத்துக்கொண்டுதானே இருந்த. பாதிக் குத்தம் எனக்கு."

யோகராஜ் ஆணியைக் கழற்றி எமரி தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினார். மீட்டர் பூச்சியத்துக்கு வந்தது. மூன்றேகாலுக்கு இருவரும் ஏறி அம்பிட்டியவுக்கு விட்டார்கள்.

முதல் ஏற்றத்தில் கியர் தானாக இறங்கியது. அதே முனகல். நஸீப் கண்ணாடியை இறக்கினார். நான்கு மணிக்குப் போன் அடித்தது.

"லொறி வீட்டில இல்ல தம்பி," என்றார் இரும்புக் கடைக்காரரிடம். "வேலைக்குப் போயிட்டுது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "அடுத்த பூசைக்குப் பொட்ட எங்க வெக்கப்போற?"

"முன்கண்ணாடில."

"நல்லம். கண்ணாடிக்கு ஏர்த் தேவையில்ல," என்று சொல்லிவிட்டு நஸீப் பாடத் தொடங்கினார்.