ஒரு விரலுக்குத் திரும்பிய பிக்கப்

பம்பை மாற்றியும் முனகல் நிற்கவில்லை. இரண்டு நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பழைய உதிரிபாகக் கடையில் தேடிப் பிடித்த பவர் ஸ்டியரிங் பம்பை மாட்டியவள், சாவியைத் திருப்பியதும் அதே சத்தம் கேட்டு இடிந்துபோனாள். ஸ்டியரிங்கும் அதே கல்தான்.

தெருவில் அவளுக்கு டிரைவரம்மா என்றே பெயர். புருஷன் கட்டிலும் பீரோவும் செய்வான். அவற்றைக் கீறல் படாமல் கொண்டுபோய் இறக்குவது அவள் பாடு. மூன்று மாதமாக ஸ்டியரிங் கனத்துப்போய், ஒரு சந்து திரும்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மெக்கானிக், "பம்ப் போச்சு" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கொழுந்தனுக்குக் கேட்க வேண்டுமா? பட்டறை வாசலில் நின்று சிரித்தான்.

"போதும் விடுங்க அண்ணி. மூணு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றார். இந்த எருமைய அவர்கிட்டத் தள்ளி விட்டுடலாம்."

"உங்க அண்ணன் சரின்னாரா?"

"நீங்க சரின்னா அவருக்கும் சரியாம்."

"அப்ப மூணு மணி ஆகட்டும் தம்பி" என்று மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டாள்.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மணி ஷிப்டுக்குச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்தவள், போகிற போக்கில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஆயில் இப்படி நுரைச்சு நிக்குது?"

"ஓடின சூட்டுல நுரைக்குது போல."

"இல்ல அண்ணி. ட்ரிப்ஸ் குழாய்ல ஒரு குமிழி தெரிஞ்சாலே எங்களுக்கு உயிர் போயிடும். எங்கயோ காத்து உள்ள போகுது."

"எங்கயும் ஒரு சொட்டுக்கூட ஒழுகலையேம்மா."

"உறிஞ்சற பக்கம் விரிசல் விட்டிருந்தா எப்படி ஒழுகும்? காத்தைத்தான் இழுக்கும்."

டிரைவரம்மாவுக்குச் சுரீர் என்றது. ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாய்! பம்பைப் புதிதாக மாட்டியவள், குழாயை மட்டும் பழையதையே மாட்டியிருந்தாள். என்ஜினை அணைத்து, கிளிப்பைக் கழற்றி, குழாயை வளைத்துப் பார்த்தாள். கிளிப் மறைத்திருந்த இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு வாயைப் பிளந்தது.

"அகப்பட்டியா!"

கை கழுவக்கூட நிற்காமல் கடைக்கு ஓடினாள். அதே பருமனில் ஆயில் குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்கிக்கொண்டு திரும்பினால், நாத்தனார் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டுத் தயாராக நிற்கிறாள்.

குழாயை மாட்டி, டப்பாவில் புது ஆயில் ஊற்றினார்கள். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கினார்கள். என்ஜினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பத் திருப்ப, நாத்தனார் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"குமிழி வருது அண்ணி... இன்னும் வருது... ஆயில் இறங்கிடுச்சு, ஊத்தறேன்... திருப்புங்க."

இருபது தடவைக்கு மேல் திருப்பியிருப்பாள். முதுகில் வேர்வை ஆறாக ஓடியது.

"நின்னுடுச்சு! கண்ணாடி மாதிரி இருக்கு!"

வண்டியை இறக்கிச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் சத்தம் மட்டும்தான். முனகலைக் காணோம். பயந்து பயந்து ஒரே ஒரு விரலை ஸ்டியரிங்கில் வைத்துத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"போகுதுடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கொழுந்தன் இரும்புக்காரரைக் கூட்டிக்கொண்டு தெருமுனையில் வந்துகொண்டிருந்தான். அவர்கள் கண்ணெதிரே, பின்னால் ஒரு அடி எடுக்காமல், ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

இரும்புக்காரர் கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்தார். "இதையாய்யா எடைக்குப் போடறேன்னே?"

அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணி... நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?"

"முதல்ல பட்டறையில முடிஞ்சு கிடக்கற அந்தக் கட்டிலப் பின்னாடி ஏத்துங்க தம்பி. அப்புறம் நீங்களும் அது கூடவே ஏறிக்குங்க."

நாத்தனாரை முன்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு ரவுண்டானா. வண்டி அதை ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. பின்னால் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொழுந்தன் அலறினான்.

"அண்ணி, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிட்டோம்!" என்றாள் நாத்தனார், சிரிப்பை அடக்க முடியாமல்.

"தெரியும்" என்று மூன்றாவது சுற்றுக்கு வளைத்தாள் டிரைவரம்மா.