படியில் வைத்த தேத்தண்ணி

அந்தத் தேத்தண்ணியைக் குடித்தது யார் என்று மண்டபத்தில் தொடங்கிய சண்டை எங்கள் ஒழுங்கையில் மூன்று கிழமை நடந்தது. சண்டை பிடிக்க வேறு விஷயமே இல்லாத சனமா நீங்கள் என்று கேட்டால், இருக்கிறது, வேண்டிய அளவு இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் ஆளுக்கு ஆள் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். படத்தைப் பற்றிக் கதைக்க யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

படத்தின் பெயர் 'மேல்வீடு'. எடுத்தவன் டிலுக்ஷன். உட்துறைமுக வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன், எங்கள் பகுதிக் கலியாணங்களுக்கெல்லாம் அவன்தான் படம் பிடிப்பான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் எடுத்து ஊர்ச் சனத்தைச் சும்மா கூப்பிட்டுக் காட்டினான். சும்மா என்றபடியால் நானும் போனேன். என் கணவர் நிப்றாஸ், மகள் அசனா, முன்வீட்டு மாகிரட் அக்கா, எல்லாரும் ஒரே ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம்.

பேய்ப்படம் என்றுதான் நோட்டீசில் போட்டிருந்தான். இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம் பார்த்தும் பேயைக் காணவில்லை. கதை இவ்வளவுதான். ஒருவன் கலியாணம் முடித்து, மனைவியும் அவளுடைய தாயும் இருக்கிற பெண்வீட்டுக்கு வருகிறான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், முஸ்லிம் என்றாலும் தமிழ் என்றாலும் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். அந்த வீட்டின் மேல்மாடி பாதிக் கட்டடமாக நிற்கிறது, தூணும் கம்பியுமாக, எங்கள் வீட்டைப் போலவே. முதல் முக்கால் மணித்தியாலம் அவன் சாப்பிடுகிறான், முற்றம் கூட்டுகிறான், சாறன் காயப் போடுகிறான். எனக்குப் பக்கத்தில் ஒரு ஐயா குறட்டை விட்டார். பிறகு, மேலே யாரோ நடக்கிறார்கள் என்கிறான். மனைவி இல்லை என்கிறாள். அவன் அடிக்கடி மேலே போய் வருகிறான். ஒருநாள் அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது. அப்போது அவன் கீழே, அவளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். அந்த இடத்தில் நான் கதிரையை இறுக்கிப் பிடித்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடைசியில் அவனைக் காணவில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றி எடுத்து வந்து நடுப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அடுத்த காட்சியில் கோப்பை வெறுமையாக இருக்கிறது. லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

குறட்டை விட்ட ஐயாதான் முதலில் எழும்பிக் கேட்டார். "தம்பி, மேல ஆள் இருந்ததா இல்லையா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதுதான் ஐயா," என்றான் டிலுக்ஷன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்க நினைக்கிறதுதான் படமெண்டா நீ என்னத்துக்குத் தம்பி கமராவைத் தூக்கினனீ?" என்று கேட்டுவிட்டேன். மண்டபமே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அதோடு ஊர் மூன்றாகப் பிரிந்தது. மீன் விற்கிற முனீபும் அவருடைய கூட்டாளிமாரும் மனைவிதான் கொலைகாரி என்றார்கள். தாயும் மகளுமாகச் சேர்ந்து அவனை மேலே தூணுக்குள் வைத்துக் கொங்கிறீற் போட்டுவிட்டார்கள், தேத்தண்ணி குடித்தது அவனுடைய ஆவி. அசனாவைப் போன்ற பிள்ளைகள் ஆளுமில்லை பேயுமில்லை, டிலுக்ஷன் அண்ணனுக்கு முடிவு தெரியவில்லை என்றார்கள். மாகிரட் அக்கா ஓட்டோவுக்கு நிற்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அவன் கள்ளன் பஸ்மியா. பெட்டையைப் பைத்தியமாக்கிப்போட்டு வீட்டை எழுதி எடுக்கத்தான் மேல ஆள் நடக்குது எண்டு கதை கட்டினவன். தேத்தண்ணி குடிச்சதும் அவன்தான். ஒளிச்சு நிண்டு குடிச்சவன்."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கணவரிடம் கேட்டேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உயரத்தில் தனியாக இருந்து பழகியதாலோ என்னவோ, கதை குறைவு.

"அவள்தான் குடிச்சவள்," என்றார்.

"ஆர், மனுசியா? வைச்சவளே குடிக்கிறதா? ஏன்?"

"சும்மா. எனக்கு அப்பிடித்தான் பட்டது."

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அப்படிச் சொன்னது அவர் ஒருவர்தான். அது எனக்கு மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது.

நிற்பதற்குக் காரணம் இருந்தது. படத்துக்கு ஒரு கிழமைக்கு முன்புதான் அவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் தையல் மெசினில் வைத்திருந்தார். மேல்மாடிக்குத் தனிக் கரண்ட் மீட்டர் எடுப்பதற்கான கடிதம். மீட்டர் அவருடைய பெயரில் வரும். வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருப்பதால் எனக்குச் சம்மதம் என்று நான் ஒப்பம் வைக்க வேண்டும். பார்ப்போம் என்று சொல்லித் துணிக்கடியில் வைத்துவிட்டேன். பத்தொன்பது வருடம் கீழே இருக்கிற மீட்டரே போதும் என்று இருந்த மனிதருக்கு இப்போது மட்டும் என்ன தனி மீட்டர்? இன்றைக்குப் பில்லில் பெயர், நாளைக்கு மேல்மாடி, மறுநாள் முழு வீடு. இது என் வாப்பா எனக்கென்று கட்டிய வீடு, எனக்குப் பிறகு அசனாவுக்கு. அதைக் கைவிட்டுப் போக விட நான் என்ன பேய்ச்சியா?

படம் பார்த்த பிறகு அவருடைய ஒவ்வொரு அசைவும் என் கண்ணில் குத்தியது. மூன்று மணிக்கு டியூட்டி முடிந்து வருவார், சோறு தின்பார், மேலே போவார். மேலே என்ன வேலை என்று நான் இத்தனை நாளாகக் கேட்டதே இல்லை. மேசன் வேலை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது குசினியில் நின்று காது கொடுத்தேன். சாந்து குழைக்கிற சத்தம் இல்லை. கதிரை இழுபடுகிற சத்தம் ஒருதரம், பிறகு ஒன்றுமில்லை. ஒன்றரை மணித்தியாலம் ஒன்றுமில்லை.

"போன் கதைக்கிறாரோ தெரியாது," என்றார் மாகிரட் அக்கா. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஆண்களைப் பற்றி ஒரு பெண் சந்தேகப்படத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொரு நிக்காஹ். வீடு வேண்டும், தனி மீட்டர் வேண்டும், எல்லாம் பொருந்தியது.

செவ்வாய்க்கிழமை அலுமாரியைத் திறந்து அவருடைய பைலைத் தேடினேன். இல்லை. பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், வேலைக் கடதாசி எல்லாம் சேர்த்து ஒரு நீலப் பைல், எப்போதும் என் சாறிகளுக்குக் கீழே செருகிக் கிடக்கும். காலமான வாப்பாவின் உடுப்புகள் இன்னும் இருந்த தட்டையும் கிளறினேன், அங்கும் இல்லை. மேலே ஏறினேன்.

மேலே பூசாத ஓர் அறை. ஒரு பிளாஸ்டிக் கதிரை. ஆணியில் அவருடைய சேட். ஜன்னல் வைக்க விட்ட ஓட்டையில் ஒரு சவரக் கண்ணாடி. மூலையில் பிஸ்கட் பெட்டி ஒன்று, மூடி நூலால் கட்டியிருந்தது. அவிழ்த்தால் நீலப் பைல். அதோடு அவருடைய உம்மாவின் படம், இரண்டு பெருநாள் சாறன், ஒரு புதுச் சவர்க்காரம். வீட்டை விட்டுக் கிளம்புகிற மனிதனின் மூட்டை என்றே எனக்குப் பட்டது. இறங்கி வந்தேன், கடையில் பூட்டு வாங்கினேன், மாடிப் படிக்கதவில் போட்டேன். திறப்பை என் இடுப்பில் செருகிக்கொண்டு அவர் வரும்வரை விறாந்தையில் இருந்தேன்.

வந்தார். பூட்டைப் பார்த்தார்.

"என்ன பூட்டு?"

"என்ட வீட்டுக்கு நான் பூட்டுப் போடக்கூடாதா?"

"மேல என்ட கடதாசி கிடக்கு பஸ்மியா."

"அதைத்தான் நானும் கேக்கிறன். பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு போய் மேல என்னத்துக்கு ஒளிச்சு வைச்சனீங்க? ஆரைக் கொண்டுவரப் போறீங்க?"

"ஆரை?" என்று திருப்பிக் கேட்டார். முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே விளங்காதவர் போல இருந்தது. நடிப்பென்றால் நல்ல நடிப்பு. பிறகு விளங்கியிருக்க வேண்டும், கதிரையில் மெதுவாக இருந்தார்.

"அலுமாரியில எனக்கொரு தட்டுத் தா எண்டு மூண்டு தரம் கேட்டன். வாப்பாட உடுப்பை எடுக்க மனம் வரேல்ல எண்டாய். சரியெண்டு மேல கொண்டுபோய் வைச்சன்."

"அப்ப மீட்டர்?"

"இந்த வீட்டுக்கு வாற ஒரு கடதாசியிலயாவது என்ட பேர் இருக்கட்டும் எண்டு நினைச்சன். உன்ட வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருசம். பில் இன்னும் அவர்ட பேரில வருது. தபால்காரன் அவர்ட பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறான். நானும் ஓமெண்டு போய் வாங்குறன்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மனம் இளகத்தான் செய்தது. ஆனால் படத்தில் அவனும் இப்படித்தான், பாவம் போல, தாழ்ந்த குரலில் கதைத்தான். அது நினைவுக்கு வந்ததும் எனக்குள் ஏதோ இறுகிவிட்டது.

"அப்ப படத்தில மனுசியைக் குத்தம் சொன்னது?"

"அவள் தேத்தண்ணிய எங்க வைச்சவள்? படியில. புருசனுக்கு ஆரும் படியில வைப்பாங்களா? கையில கொண்டுபோய்க் குடுப்பாங்க. வேலைக்கு வந்த மேசனுக்குத்தான் படியில வைக்கிறது. அவன் மேல இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான் அவளுக்கு. வைச்சிட்டுத் தானே எடுத்துக் குடிச்சிருப்பாள்."

"நான்தான் அவளெண்டு சொல்லுறீங்க."

"நான் படத்தைச் சொன்னன்."

"இது என்ட வீடு," என்றேன். "என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு. இதுக்குள்ள இருக்க ஏலாட்டி மூதூருக்குப் போங்க, உங்கட உம்மாட வீடு அங்க பூட்டித்தானே கிடக்கு."

அவர் கோபிப்பார், கத்துவார், கதவை அடித்துச் சாத்துவார் என்று பார்த்தேன். "ஓம்," என்றார். அவ்வளவுதான்.

அன்று பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு முன்னமே எனக்கு வெட்கம் வந்துவிட்டது. பூட்டைத் திறந்தேன். வாப்பாவின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அந்தத் தட்டைத் துடைத்து நீலப் பைலைக் கொண்டுவந்து வைத்தேன். கடிதத்தில் ஒப்பமும் வைத்து அவர் கையில் கொடுத்தேன். "பெரிய உபகாரம்," என்றார். கடிதத்தை மடித்துச் சேட் பையில் வைத்தார். அதைக் கரண்ட் கந்தோருக்கு அவர் கொண்டுபோகவே இல்லை.

மறுநாள் காலை, "ஃபேனைப் போடட்டா?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "குளிக்கட்டா?" பிறகு, "இந்தக் கதிரையில இருக்கட்டா?" கேட்கும் குரலில் கோபத்தின் நிழல்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் திருப்பிக் கோபித்துச் சமாளித்திருப்பேன்.

"நடிக்கிறார்," என்றார் மாகிரட் அக்கா. "உன்னைக் குற்றவாளியாக்கி வீட்டை எடுக்கப் பாக்கிறார். நீ இடம் குடாத."

நானும் காலையில் ஒன்று நினைத்தேன், பின்னேரம் ஒன்று நினைத்தேன். அவர் கோப்பையை வைக்கிற விதத்தைப் பார்த்தேன், போன் வந்தால் முகத்தைப் பார்த்தேன். அவர் இப்போது மேலே போவதே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எது நடிப்பு, எது மனிதர் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, தெரியாத ஆத்திரத்தில் அசனாவுக்கு ஏசினேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி போல இருக்கும். நான் குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். அசனா முன்னறையில் வாசலுக்கு முதுகு காட்டி இருந்து படித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் யாரோ கதவில் தட்டினார்கள். இரண்டு தரம், பதமாக, வெளியாள் தட்டுவது போல.

"ஆரது?" என்று அசனா புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே கேட்டாள்.

செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"நான்தான்," என்றது குரல். பிறகு, அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது என்பது போல, "நிப்றாஸ்."

அசனா சிரித்தபடி எழும்பினாள். "என்ன வாப்பா, பேரெல்லாம் சொல்லுறீங்க," என்றவள் அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மாக் கையோடு குசினி வாசலில் நின்றேன். பத்தொன்பது வருடமாகப் பின்பக்கத்தால் வந்து நேரே சோற்றுப் பானையைத் திறக்கிற மனிதர், செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கதவு காலையிலிருந்து அகலத் திறந்துதான் கிடந்தது.