இடது பக்கப் பொத்தான்

எங்கள் மகன் நோயலின் முப்பதாம் நாள் பூசை முடிந்து மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பியதும், என் மனைவி ஃப்ளோரன்ஸ் சேலையைக்கூட மாற்றாமல் அவனுடைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். திரையில் வந்த ஒற்றை வார்த்தையை விரல் வைத்துப் படித்தாள்.

"நுக்னெஹ். உனக்கு இன்னா வேணும்னு கேக்குது. அவங்க மொழியில வணக்கம்லாம் கிடையாதாம்."

அந்த மொழிக்குப் பெயர் கிளிங்கான். எந்த ஊர் மொழியும் இல்லை. வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் வேற்றுக்கிரகச் சண்டைக்காரர்களுக்காக யாரோ உட்கார்ந்து உண்டாக்கியது. கம்ப்யூட்டர் திரையில் இருக்கிற கோப்பு, குப்பைத்தொட்டி, சேமி, மூடு எல்லாவற்றையும் அதில் மாற்றி எழுதுவதுதான் என் மகன் கடைசி இரண்டு வருஷம் செய்த வேலை. காசில்லாத வேலை. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், டயாலிசிஸ் கட்டிலில் இடது கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வலது கையால் தட்டிக்கொண்டிருப்பான். உருப்படியாக ஒன்று செய்யக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "படுத்துக்கினே வேற இன்னா டாடி பண்றது?" என்று சிரித்தான். பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸ் அப்படிக் கேட்டதே இல்லை. அவன் சொல்லச் சொல்ல, அந்த வார்த்தைகளைத் தன் ஜெபப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தாள். இப்போது அவனோடு சேர்ந்து வேலை செய்த ஃபராஸ் அந்தப் பட்டியலைக் கேட்டிருந்தான்.

பட்டியலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதே லேப்டாப்பில் என் ரிப்போர்ட்டும் இருந்தது.

ஃப்ளோரன்ஸுக்குச் சர்க்கரை என்பதால், நோயலுக்கு கிட்னி கொடுக்க என்னைத்தான் பரிசோதித்தார்கள். பொருந்தியது. நான் டாக்டரைத் தனியாகப் பார்த்து, என்னால் முடியாது என்றேன். இஷ்டமில்லாதவரை வற்புறுத்த மாட்டோம் என்றார். வீட்டில் வந்து, சேரவில்லையாம் என்று சொன்னேன். ஃப்ளோரன்ஸ்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள். காரணம் பயம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, எத்தனை முறை யோசித்தாலும்.

எட்டு மாதத்துக்கு முன் ரிப்போர்ட் மெயிலில் வந்தபோது, நோயல் தூங்கும் நேரம் பார்த்து அவன் லேப்டாப்பில் திறந்தேன். அது அங்கேயே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அழிக்கப் போனால் திரை முழுக்க கிளிங்கான். ஏதோ கேள்வி, இரண்டு பொத்தான். வலது பக்கத்தை அமுக்கினேன். கேள்வி மறைந்தது. நோயல் புரண்டு படுத்தான், பட்டென்று மூடிவிட்டேன்.

ஃப்ளோரன்ஸ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பட்டியலை ஃபராஸுக்கு அனுப்பி முடித்தாள். பிறகு, நான் சொல்லாமலே, இன்னொரு இடத்தைத் திறந்தாள். அங்கே என் பெயர் போட்ட ரிப்போர்ட் இருந்தது.

"அன்னிக்கு நீங்க அழிக்கப் போய் வேணாம்ங்கிறத அமுக்கிட்டீங்க போல" என்றாள், என்னைப் பார்க்காமல். "மறுநாளே பாத்துட்டான். எனக்கும் படிச்சுக் காட்டினான்."

"எட்டு மாசமாத் தெரியுமா?"

"டாடிகிட்ட கேக்கவே கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கினான்."

எட்டு மாதம். தினமும் எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு வைத்தாள், நடுத்துண்டை எனக்குப் போட்டாள். அவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் "நீங்க ரெஸ்ட் எடுங்க டாடி" என்பான். நான் எடுத்தேன்.

அவள் எதையோ தட்டினாள். அதே கேள்வி வந்தது, அதே இரண்டு பொத்தான்.

"எடது பக்கம் அழி. வலது பக்கம் வேணாம். இப்ப தெரிஞ்சே அமுக்கலாம்."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

நான் கை வைக்காமலே உட்கார்ந்திருந்ததில் திரை இருண்டுபோனது. தொட்டேன். முதலில் அந்த ஒற்றை வார்த்தை வந்து, உனக்கு என்ன வேண்டும் என்றது. அது விலகியதும் இரண்டு பொத்தான்களும் அங்கேயே இருந்தன.