வேறு யாருக்குத் தெரியும்

...படிவத்தின் பதினொரு வரியிலும், அதே லேபில் என்னோடு வேலை செய்கிற மைத்துனன் பெயரை எழுதியது நானேதான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, பெயர் மட்டுமா, ஒவ்வொன்றுக்கும் நேரே 'நன்றாகத் தெரியும்' என்று சான்றும் கொடுத்திருக்கிறேன், அடித்தல் திருத்தல் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கிய மாதிரி ஓரம் விட்டு, வரிசை எண் போட்டு... அந்த அழகுக்குப் பரிசாக, பெயின்ட் கம்பெனி லேபில் பத்தொன்பது வருடம் நிறம் கூட்டியவன் நாளையிலிருந்து கிடங்குக்குப் போக வேண்டும், டின் அடுக்க. மாற்றல் கடிதத்தை அச்செடுத்து வருகிறேன் என்று ஹெச்.ஆர். அம்மா எழுந்து போயிருக்கிறார். மேசையில் அவருடைய கோப்பு திறந்தபடி கிடக்கிறது, எனக்குத் தலைகீழாக, இருந்தாலும் என் பெயர் எனக்குத் தெரியாமல் போகுமா, பச்சை வட்டத்துக்குள் இருக்கிறது, பச்சை என்றால் நல்லதுதானே என்று கேட்டதற்கு, "ரொம்ப நல்லது சார், உங்க அறிவு பத்திரமா இருக்கு" என்றார். எங்கே பத்திரமாக இருக்கிறது? மைத்துனன் தலைக்குள் இருக்கிறதாம், அதனால் என் தலை எங்கே இருந்தாலும் ஒன்றுதானாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆலோசகர் வந்து, "மெஷினுக்கு மதிப்பு போடுறீங்க, கட்டடத்துக்குப் போடுறீங்க, உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சதுக்கு என்ன மதிப்பு போட்டிருக்கீங்க?" என்று கேட்டபோது முதலில் கைதட்டியவன் நான். அறிவு மூலதனம் என்றார், வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லை மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன், யாரோ ஒருவர் கடைசியில் நம்மை அளக்க வந்துவிட்டார் என்று அவ்வளவு சந்தோஷம். படிவத்தில் மூன்று கட்டங்கள், உங்களுக்கு என்ன தெரியும், எத்தனை வருடமாகத் தெரியும், இது வேறு யாருக்குத் தெரியும். எழுதினேன். முதலாவது, ஈரக்காற்று நாளில் சாம்பல் நிறம் காயும்போது மஞ்சளாகத் திரும்பும், கலக்கும்போதே நீலம் ஒரு சொட்டு கூட்ட வேண்டும். இரண்டாவது, பஸ் முதலாளி 'பழைய கலரே போடுங்க' என்பார், அவர் சொல்வது வெயிலில் வெளுத்த நிறத்தை, டின்னில் இருந்த நிறத்தை அல்ல... இப்படிப் பதினொன்று. மைத்துனன் வந்து மேசையில் சாய்ந்தான். "மாமா, மூணாவது கட்டத்துல நம்ம பேரையும் போட்டு விடுங்க, இல்லன்னா சும்மா நிக்கற பொம்மைன்னு நெனச்சுக்குவாங்க." "பொம்மை ஒரே எடத்துல நிக்கும் மாப்ளே, நீ மணிக்கொரு தடவை டீக்கு ஓடறியே" என்றேன். சிரித்தான், போட்டேன். உண்மையில் அவனுக்குத் தெரிந்தது ஏழுதான், மீதி நாலையும் சொல்லிக்கொடுத்தால் போச்சு என்ற தைரியம்... ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால் பத்து புள்ளி, இன்னொருவனுக்கும் தெரிந்தால் மூன்றே மூன்று, புள்ளி குறைந்தவன் கிடங்குக்கு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எங்களுக்கா, எனக்கா?

கோப்பைத் திருப்பி வைத்துப் பார்க்கிறேன், தப்புதான், பார்க்கிறேன். மைத்துனன் படிவம், கோழி கிளறின மாதிரி எழுத்து, ஒன்பது வரி, மூன்றாவது கட்டத்தில் ஒன்பது தடவை 'யாருக்கும் தெரியாது'. நீலச் சொட்டும் இருக்கிறது, என் வார்த்தையிலேயே. என் படிவத்தில் அதே வரி இருக்கிறதே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆளா இல்லை? இல்லை, கம்ப்யூட்டர் மூன்றாவது கட்டத்தை மட்டும்தான் கூட்டுமாம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள், இவன் என் வீட்டில் மூன்று வருடம் உண்டவன். அடுத்த தாள், யாருக்கும் தெரியாது. அதற்கடுத்தது, தெரியாது, தெரியாது... லேபில் இன்னும் ஆறு பேர், ஆறு பேருக்கும் முதல் டின்னைத் திறந்து காட்டியவன் நான், ஒரு வரியிலாவது, போகிற போக்கிலாவது, என் பெயர் இல்லை. அப்படியானால் புள்ளிக் கணக்கு ஊருக்கே தெரிந்திருக்கிறது. யார் சொல்லியிருப்பான்? ஆலோசகருக்கு டீ வாங்கிக் கொடுத்தவன்தான்.

ஹெச்.ஆர். அம்மா வந்துவிட்டார், கோப்பு திரும்பியிருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார். "படிவத்துல மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க சார், கையெழுத்துக்கு அப்புறம் முடியாது." நாலு வரி பொய்யம்மா என்று சொன்னால் போதும், வட்டம் சிவப்பாகும், நான் லேபில் இருப்பேன், அந்த நாலையும் செய்து காட்டு என்று அவனைக் கூப்பிடுவார்கள், அவன் விழிப்பான், கிடங்குக்கு அவன் போவான், வீட்டில் அவள் முகம்... அவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நல்ல பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் தம்பியோடு போனில் பேசி முடித்துவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள், வெகுநேரம் நின்றாள். "எல்லாத்துலயும் அவன் பேரை ஏன் எழுதறீங்க? பாதி போதும்." "உன் தம்பிக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்றேன், தம்பி விஷயத்தில் எவ்வளவு அடக்கம் பார் என்று நினைத்துச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, பாதி... அந்தப் போனிலேயே புள்ளிக் கணக்கு வீட்டுக்கும் வந்திருக்கிறது... "சார், பேனா வேணுமா?" வாங்கிக்கொள்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவளை உட்காரவைத்து, உன் தம்பி செய்ததைக் கேள் என்று முதலாவது, இரண்டாவது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் கோப்பைத் திருப்பியதிலிருந்து மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது போய் அவளிடம் எதைச் சொல்வது...