நெடி வராத மிளகாய்

மத்தியானத்திலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை. மடியில் போட்டால் முதுகை வளைத்துக்கொண்டு அழுதது. அதன் தாய், அந்த வீட்டின் இளைய மருமகள் ரமா, சேர்ந்து அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

"கண்ணுதான், வேற ஒண்ணுமில்ல," என்றாள் மாமியார் லட்சுமம்மா. "விஜி, நீயே சுத்திப் போடு. எனக்குத் தோளு தூக்க வரல."

மூத்த மருமகள் விஜி சமையலறையில் மிளகாய் டப்பாவைத் திறந்தபடி நின்றாள். யாருடைய கண் என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் மாமனார் வெங்கடசாமி சிவாஜிநகருக்குப் போய் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தார். தாமே தரையில் மண்டியிட்டுப் பேத்தியின் காலில் மாட்டினார். வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டோடு இருக்கத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகோடி பஸ் ஸ்டாப் வரை நடப்பார், கடைக்காரர்களிடமெல்லாம் காட்டுவார். விஜியின் மகள் ஷில்பா இதே வயதில் கூடத்தில் தவழ்ந்தபோது, ஃபேக்டரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவளைத் தாண்டிப் போன மனிதர்.

அதற்குப் பிறகு நாள் முழுவதும் விஜியின் பார்வை அந்தக் கால்களை விட்டு நகரவில்லை. துணி மடிக்கும்போதும் பார்த்தாள், அரிசி களையும்போதும் பார்த்தாள். குழந்தை காலை உதறிச் சிரித்தது. அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மிளகாய், உப்பு, கடுகு, தெருமுனை மண் எல்லாவற்றையும் கைக்குள் மூடிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ரமா குழந்தையைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, ஒரு கையால் லேசாகப் பிடித்திருந்தாள்.

"வாய்க்குள்ளயே முணுமுணுக்காத. வந்தவ, போனவ, அக்கம்பக்கம் எல்லாம் சொல்லு," என்றாள் லட்சுமம்மா.

விஜி சொன்னாள். தெருவில் போனவர்கள் கண், வீட்டுக்கு வந்தவர்கள் கண், பெற்றவர்கள் கண். பெரியம்மா கண் என்பதும் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

கரியடுப்பில் போட்டதும் மிளகாய் வெடித்துக் கருகியது. எல்லோரும் இருமலுக்காகக் காத்திருந்தார்கள். நெடி வரவே இல்லை. பட்ட கண் பெரிதாக இருந்தால் மிளகாய் நெடிக்காது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"பாத்தியாடி, எம்மாம் பெரிய கண்ணு! பக்கத்து வீட்டு ஜகதாம்பாதான். காலைல வந்து கொலுசைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. இனிமே அவளை வாசப்படி ஏத்தாதீங்க," என்றாள் லட்சுமம்மா.

ஷில்பாவுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜகதாம்பாள். வேறு யாரும் அப்படி உட்காரவில்லை.

"அவங்க இல்ல அத்தை," என்றாள் விஜி.

"பின்ன யாரு?"

விஜி உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"எங்கண்ணுதான்."

லட்சுமம்மா சிரித்துவிட்டாள். "சும்மா ஏதாவது உளறாத. நீ பெரியம்மாடி, உங்கண்ணு எங்க படும்?"

"கொலுசு வந்ததுல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஷில்பாவுக்கு யாரும் இப்படி மண்டி போடலயேன்னு."

வெங்கடசாமி கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்தினார். "அப்ப எனக்கு ஷிஃப்டும்மா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். யாரும் அவர் உதவிக்கு வரவில்லை.

லட்சுமம்மாவின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"சரி. சொன்னியே, அதுவே போதும். வேற மொளகா எடு. இந்தத் தடவ உம்பேரையும் வாய் விட்டுச் சொல்லு."

விஜி உள்ளே போய்ப் புது மிளகாயோடு திரும்பி வந்தாள். ரமா குழந்தையை மறுபடியும் கிழக்கே பார்த்து உட்கார வைத்திருந்தாள். இப்போது இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.