இரண்டு ரிவால்வர், ஒரு கிண்ணம்

துப்பாக்கி வேலை தெரியும் என்று சொல்லித்தான் ஆம்பூர் தோல் வியாபாரி அஹமது பாஷாவிடம் காவலுக்குச் சேர்ந்தேன். மெசபடோமியா யுத்தத்துக்குப் போய்வந்த ரத்தினசாமி என்றால் யார் மறுத்துக் கேட்பார்கள்? அங்கே மாவு மூட்டைகளுக்குத்தான் காவல் இருந்தேன் என்பதை நானாக ஏன் சொல்ல வேண்டும்!

முதலாளியிடமும் அவர் தம்பியிடமும் ஒரே மாதிரி இரண்டு ரிவால்வர்கள். சனிக்கிழமை தோல் வாங்க நாட்றம்பள்ளிப் பக்கம் பயணம். துடைத்து வை என்றார் முதலாளி. புதன்கிழமை இரண்டையும் பிரித்து, உள்சாமான்களை ஒரே கிண்ணத்து மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினேன். மாட்டும்போதுதான் புத்தி வந்தது. எது எதனுடையது? தோன்றியபடி மாட்டினேன். ஒன்றில் விசையை இழுத்தால் தோட்டா உருளை பாதியில் நின்றது. மற்றதில் அசையவே இல்லை. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால், வழியில் கொள்ளைக்காரன் வந்தால், முதலாளியின் உயிர் போகும்.

தையல் மிஷின் ரிப்பேர் செய்த ஹயாத் பாஷா இறந்து இரண்டு வருஷமாகியும் அவர் வீட்டில் வேலை நடப்பதாகக் கேள்வி. போனேன். கோஷா வீடு, பெண்கள் அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார்கள். திரைக்குப் பின்னால் அவர் மனைவி முனவ்வர் பேகம். ரிவால்வர்களைத் தட்டில் வைத்துத் திரைக்கு அடியில் தள்ளினேன். டக், டக் என்று சத்தம் கேட்டது.

“சிப்பாயண்ணே, ரெண்டையும் ஒண்ணா கழுவினீங்களா?”

“ஆமாம்மா.”

“பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா அதது கூட உரசி உரசித் தேஞ்சிருக்கு. தேஞ்ச எடத்த வெச்சு ஜோடி சேத்துடலாம். பேஜாராவாதீங்க.”

ஒரு மணி நேரத்தில் ஒன்று சரியானது. மற்றதில் உருளை மயிரிழை முன்னாலேயே நின்றது. உருளையைத் தள்ளும் சின்ன நகம் எப்போதோ தேய்ந்து குட்டையாகிவிட்டதாம்.

“இது உங்க தப்பில்ல. தோல்ல சதை சீவுற கத்தி, ஒடஞ்சது இருந்தா கொண்டாங்க, புது நகம் செஞ்சுடலாம். அந்த இரும்புக்கு ஒறப்பு ஜாஸ்தி.”

கொடுத்தேன். வெள்ளிக்கிழமைவரை போய்ப்போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவை அரத்தால் ராவுவார், மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார். சத்தத்தை வைத்தே ஒரே நாளில் பதினேழு தடவை எண்ணினேன். அப்படி ஒரு பொறுமையை நான் எங்குமே கண்டதில்லை.

“வீட்டுக்காரர் கத்துக் குடுத்தாரா?”

“அவருக்குக் கண்ணு கம்மி. பதினஞ்சு வருசமா சின்ன வேலையெல்லாம் நான்தான். பேரு மட்டும் அவருக்கு.” வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

சனிக்கிழமை காலை முதலாளி பட்டறைக்குப் பின்னால் பனந்துண்டைப் பார்த்து, புது நகம் போட்ட ரிவால்வரின் ஆறு தோட்டாவையும் சுட்டார். ஆறும் பாய்ந்தன.

“சபாஷ்! முன்ன விட நல்லா இருக்குதே. இன்னா பண்ணினே?”

ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், பேர் எனக்கு. ஆனால் அந்த அரச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

“கெடுத்தது நான், முதலாளி. செஞ்சது முனவ்வர் பேகம்.” மாவு மூட்டைவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் முறைத்த முறைப்பில் மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வேலையை விட்டுத் தூக்கவில்லை. துப்பாக்கி துடைக்கும் வேலையை மட்டும் பிடுங்கிக்கொண்டார்.

பயணம் முடிந்து வந்த மறுவாரம், ஊர் வியாபாரிகளின் பழைய ரிவால்வர்களோடு என்னை அந்தத் திரைக்கே அனுப்பினார்.

“ஆறு இருக்கும்மா. முனவ்வர் பேகம் கையில குடுன்னு, உங்க பேரச் சொல்லித்தான் எல்லாரும் குடுத்தாங்க.”

தட்டைத் திரைக்குள் இழுத்தார்.

“என் பேரையா?”

“ஆமாம்மா.”

“சரி. போயி ஆறு கிண்ணம் கொண்டாங்க.”